பதினைந்து லீற்றர் முழுக்கு

"உங்கட ஊட்டுல எத்தின பேருக்கு, மகள், வயிறு இறுகிக் கெடக்கு?"

மருந்துக்கடை ஸெய்னுதீன் நானா இப்படிக் கேட்டபோது கடையில் என்னைத் தவிர ஏழு பேர் நின்றார்கள். எனக்கு வாய் வரவில்லை, அதனால் அவர்களை எண்ணிப் பார்க்க நேரம் இருந்தது.

நான் கடைகளில் பேசுவதில்லை. வேண்டியதைத் துண்டில் எழுதி நீட்டுவேன். அன்றைய துண்டில் "லிக்குவிட் பரபின், 18 லீற்றர்" என்று எழுதியிருந்தேன். நிறமோ மணமோ இல்லாத எண்ணெய் அது. மின்சாரத்தைக் கடத்தாது. அது மட்டும்தான் எனக்குத் தெரிந்திருந்தது. மற்றவர்கள் அதை இரவில் ஒரு கரண்டி குடித்துவிட்டுப் படுப்பார்கள், காலையில் வயிறு இளகிப் போகும் என்பதெல்லாம் தெரியாது.

"ஒருத்தருக்குத்தான்," என்று மட்டும் எப்படியோ சொன்னேன்.

நானா மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஒராளுக்கா? பதினெட்டு லீற்றரா? ஆளு உசிரோட இரிக்கா, மகள்?"

பின்னால் நின்ற ஒரு அக்கா "பாவம்" என்றா. எனக்குக் காது இரண்டும் கொதித்தன. கையைக் காட்டி, முழுவதும் வேண்டும் என்று தலையாட்டினேன். தட்டில் அரை லீற்றர்ப் போத்தல்கள் பன்னிரண்டுதான் இருந்தன. மீதியை வேறு கடைகளில் கேட்டு எடுத்து வைப்பதாகச் சொல்லி, நானா பன்னிரண்டையும் பையில் போட்டுத் தந்தார். தரும்போது குரலைத் தாழ்த்தி, "ஒரு நாளைக்கி ரெண்டு கரண்டிக்கு மேல குடுத்திராதீங்க," என்றார்.

அந்த ஒருத்தர் என் அண்ணாவின் கொம்பியூட்டர்.

இராகுலன் அண்ணா கட்டாருக்குப் போகும்போது அதை எனக்கென்று விட்டுவிட்டுப் போனான். விளையாட்டுக்கென்றே தேடித்தேடிச் சேர்த்த பெட்டி. எங்கள் வீடு உட்துறைமுக வீதியில் இருக்கிறது. அண்ணாவின் அறைக்கு மேலே தகரம். மத்தியானத்தில் அந்த அறைக்குள் வைத்த மெழுகுதிரி தானாகவே வளையும். யன்னலைத் திறந்தால் கடற்காற்று வரும், ஆனால் அது உப்பையும் கொண்டு வரும். திறந்தால் துரு, மூடினால் சூடு. விளையாடத் தொடங்கி இருபது நிமிடத்தில் பெட்டி சூடேறி, திரை கறுத்து நின்றுவிடும்.

நான் பதினோராம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வகுப்பில் எழும்பி நின்று வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. கடைசியில் போகாமல் இருப்பதே சுகமாயிற்று. ஆனால் அந்தப் பெட்டிக்குள் எனக்கு நான்கு சிநேகிதிகள் இருந்தார்கள். துப்பாக்கிச் சண்டை விளையாட்டில் நாங்கள் ஐந்து பேரும் ஒரு அணி. தலைவி பஸ்மியா, கிண்ணியாக்காரி. நேரில் அவளைக் கண்டதில்லை. ஒருவரையுமே கண்டதில்லை. அவர்கள் மைக்கில் கத்திச் சிரித்து விளையாடுவார்கள், நான் மைக்கை அடைத்து வைத்துவிட்டு எழுத்தில் பதில் போடுவேன். விளையாட்டில் என் பெயர் கணவாய், பயந்தால் மையைக் கக்கி ஒளியும் மீன். ஏன் பேசுவதில்லை என்று ஒருத்தியும் கேட்டதில்லை.

பெட்டி நின்றால் அணிக்கு நான்கு பேர்தான். மூன்று தரம் அப்படித் தோற்றோம். அதற்குப் பிறகும் பஸ்மியா என்னை விலக்கவில்லை. "கணவாய் மறுபடியும் மைக்குள்ள ஒளிச்சிட்டா," என்று மட்டும் எழுதினாள்.

அடுத்த தெருவில் கொம்பியூட்டர் திருத்தும் சசிகரன் அண்ணாவைக் கூப்பிட்டோம். அவர் இரண்டு தரம் வந்து காற்றாடிகளைத் துடைத்தார். மூன்றாம் தரம் துடைக்கவில்லை. பெட்டியைச் சுற்றி ஒரு தரம் நடந்தார்.

"அங்கிள், இது இந்த அறைக்குள்ளை சரிவராது. ஒரு நாளைக்கு நெருப்புப் பிடிக்கும். என்ரை கடையிலை ஏசி கிடக்கு. தாங்கோ, நான் எடுக்கிறன். தங்கச்சிக்கு ஒரு சின்ன லப்டொப் தாறன், நாடகம் பாக்கலாம்."

நெருப்பு என்ற சொல் அப்பாவைப் பிடித்துக்கொண்டது. அப்பா ஞானசேகரம் துறைமுகத்தில் இழுவைப்படகொன்றின் இயந்திர அறையில் வேலை செய்கிறவர். சூடேறி நின்ற இயந்திரத்தைத் திரும்பத் திரும்ப முடுக்குவது நெருப்பை வெத்திலை வைத்து அழைப்பது மாதிரி என்றார். இருந்தாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு தவணை தந்தார். சனிக்கிழமை நான்கு மணிக்கு எங்கள் அணிக்குப் போட்டி. அது முடியும்வரை பெட்டி ஒரு தரமும் நிற்காவிட்டால் வீட்டில் இருக்கலாம். நின்றால் அந்த இடத்திலேயே சசி அண்ணா தூக்கிக்கொண்டு போகலாம்.

அன்றைக்கு அது செவ்வாய்க்கிழமை. புதன்கிழமைதான் அந்த வீடியோவைப் பார்த்தேன், யாரோ ஒருவர் முழுக் கொம்பியூட்டரையும் எண்ணெய்த் தொட்டிக்குள் இறக்கி ஓட்டுவதை. பதினொரு தரம் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் துண்டு எழுதினேன்.

அப்பா அன்று வேலையால் வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"ஸெய்னுதீன் படகுக்குப் போன் எடுத்து, வீட்டிலை எல்லாரும் சுகமோ எண்டு கேக்கிறான். ஓம் எண்டன். திரும்பவும் கேக்கிறான். மூண்டாந்தரம், ஒளிக்காதையும் ஞானம், கண்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவம் எண்டுறான். என்ன பிள்ளை நடக்குது?"

நான் வீடியோவைக் காட்டினேன். அப்பா கதிரையில் இருந்து இரண்டு தரம் பார்த்தார்.

"சந்தியிலை தூணிலை நிக்கிற ட்ரான்ஸ்போமருக்குள்ளையும் எண்ணெய்தான் கிடக்கு," என்றார் மெதுவாக. "சரிவரக் கூடும்."

அம்மா குசினிக்குள் இருந்து தலையை நீட்டினா. "ரெண்டுபேரும் சேந்து உந்தப் பெட்டியைப் பொரிச்செடுக்கப் போறியளோ?"

வியாழக்கிழமை அப்பாவே போய் மீதிப் போத்தல்களை எடுத்து வந்தார். மொத்தம் முப்பது. பதினைந்து லீற்றர். திருகோணமலை நகரத்தில் அதற்கு மேல் இல்லை என்று நானா சொல்லியிருந்தார். அப்பா உண்மையைச் சொன்னபோது நானா நம்பவில்லையாம். மரியாதைக்காகத் தலையாட்டினாராம்.

அண்ணாவின் பழைய மீன் தொட்டி பின்விறாந்தையில் கிடந்தது. கழுவி, துடைத்து, ஒரு சொட்டு ஈரமும் இல்லாமல் முழு நாள் வெயிலில் காய வைத்தேன். கொம்பியூட்டரின் உள்பாகங்களைக் கழற்றி நிமிர்த்தி இறக்கினேன். எல்லாம் பதிந்திருக்கும் சுழலும் வட்டை வெளியே வைத்தேன், அதற்குள் எண்ணெய் போனால் அதோடு சரி. மின்சாரம் வரும் பெட்டியையும் வெளியே, உயரத்தில் வைத்தேன். எங்கள் வீட்டில் எண்ணெய் நிறைந்த பாத்திரம் ஒன்றைக் கண்டால் அம்மா அதற்குள் கை வைக்காமல் இருக்கமாட்டா.

எண்ணெயை ஊற்ற ஊற்ற உள்ளே எல்லாம் பெரிதாகத் தெரிந்தன. முடுக்கியதும் காற்றாடிகள் பருப்புக் கறிக்குள் அகப்பை சுற்றுவதுபோல ஆறுதலாகச் சுற்றின. சின்னச் சின்னக் குமிழிகள் வந்தன, பிறகு அவையும் நின்றன. சத்தமே இல்லை. தூரத்தில் கோதுமைக் கப்பல் ஊதிய சத்தம் முதல்முறையாக அந்த அறைக்குள் கேட்டது. வெள்ளிக்கிழமை இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டேன். நிற்கவில்லை.

ஒரு குறைதான். எண்ணெய் மூன்று விரல் குறைவாக நின்றது. படம் காட்டும் அட்டையின் மேல்விளிம்பு வெளியே தெரிந்தது. அதில் விரலை வைத்தால் சுட்டது.

"எண்ணெய் காணாது அப்பா. மேலை இன்னும் சூடாக் கிடக்கு," என்று சாப்பிடும்போது சொன்னேன். அப்பா, திங்கட்கிழமை மூதூரில் விசாரித்துப் பார்ப்போம் என்றார். அம்மா அதைக் கேட்டுக்கொண்டே சொதியை விட்டுக்கொண்டு நின்றா.

சனிக்கிழமை அப்பா முழுகுகிற நாள். அம்மா நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, இளஞ்சூட்டில் தலையில் வைத்துத் தேய்த்துவிடுவா. உடம்புச் சூட்டுக்கு அம்மாவிடம் வேறு வைத்தியம் கிடையாது. அண்ணா போய் இரண்டு வருடமாகியும் அவ இன்னும் இரண்டு ஆம்பிளைகளுக்கான அளவில்தான் காய்ச்சுகிறா. மிச்சத்தைப் போத்தலில் விட்டு வைப்பா, அடுத்த கிழமை அதை விட்டுவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவா. அலுமாரிக்குப் பின்னால் அப்படி எத்தனை போத்தல் நின்றதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றரை மணிக்கு அறைக்குள் போனேன். முழுக்கு மணம் மூக்கில் அடித்தது. தொட்டிக்குள் பார்த்தேன். மூன்று விரல் குறை இல்லை. எண்ணெய் விளிம்புவரை நின்றது, தேயிலைச் சாயத்தின் நிறத்தில். அதற்குள் மிளகுகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தன.

"அம்மா!"

"என்ன பிள்ளை? காணாது எண்டனி, விட்டிருக்கிறன். நாலு போத்தல். அண்ணான்ரை பெட்டிதானே, சனிக்கிழமை முழுகினால் நல்லது."

அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது, இரண்டுக்கும் நேரம் இல்லை. நல்லெண்ணெயும் மின்சாரத்தைக் கடத்தாது என்பதைப் போனில் தேடி அறிந்துகொண்டேன். கொஞ்சம் மூச்சு வந்தது. அகப்பட்ட மிளகைத் தேத்தண்ணி வடியால் அள்ளினேன். பெட்டியை முடுக்கினேன், ஓடியது. ஆனால் அட்டையின் காற்றாடிக்குள் ஒரு மிளகு போய் இறுகிவிட்டது. காற்றாடி ஒரு தரம் துடித்தது, நின்றது. கழற்றி எடுக்க ஒரு மணித்தியாலம் வேண்டும். போட்டிக்கு ஏழு நிமிடம் இருந்தது.

திரையின் மூலையில் சூட்டைக் காட்டும் இலக்கத்தை வைத்துக்கொண்டேன். தொண்ணூற்றைந்து வந்தால் பெட்டி தானாக நிற்கும்.

முதல் ஆட்டம் தொடங்கும்போது அறுபத்திரண்டு. முடிவதற்கு முன்னரே எண்பத்தொன்று. அந்த ஆட்டத்தை வென்றோம். மற்ற நால்வரும் கத்திய சத்தத்தில் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் போட்டேன். அப்போது அதன் பக்கத்தில் இருந்த, மைக்கைத் திறக்கும் பொத்தான் அமுங்கியது எனக்குத் தெரியாது.

"அம்மா, எண்ணெய் அசையேல்லை. அசையாட்டில் சூடு போகாது. எண்பத்தொண்டு நிக்குது."

"அவ்வளவுதானே?" அம்மா குசினிக்குப் போனா. பொங்கலுக்கு எடுக்கும் நீட்டு அகப்பையோடு திரும்பி வந்தா. மேசைக்குப் பக்கத்தில் ஸ்ரூலைப் போட்டு இருந்து, தொட்டிக்குள் விட்டு, ஆறுதலாகக் கிண்டத் தொடங்கினா.

எண்பது. எழுபத்தெட்டு.

இரண்டாவது ஆட்டத்தில் நான் வாசலைக் காத்துக்கொண்டு நின்றேன். அம்மா கிண்டிக்கொண்டே கேட்டா: "பிள்ளை, அடிப்பிடிக்குதோ எண்டு ஒருக்காப் பாரன்."

திரும்ப மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் மற்றவர்கள் கத்துவது நின்றது. பிறகு பஸ்மியாவின் குரல். "ஆருடி அது? மெட்ச் நேரத்துல ஆரு சமைக்கிற?"

எழுதுவதற்கு எனக்குக் கை இல்லை. ஒரு கை ஓடுகிறது, மற்றக் கை சுடுகிறது. வாய்தான் சும்மா இருந்தது.

"எங்கட அம்மா," என்றேன். "கொம்பியூட்டரைக் கிண்டுறா."

"கணவாய்! நீயா கதைக்கிற?"

"ஓம். வலப்பக்கத்தாலை ரெண்டு பேர் வருகினம், பாருங்கோ."

"வலப்பக்கமாம் புள்ளைகள்! கணவாய் சொல்றா, வலப்பக்கம்!" அவள் சிரித்த சிரிப்பில் வலப்பக்கத்தைப் பார்க்க மறந்துவிட்டாள். இரண்டாவது ஆட்டத்தைத் தோற்றோம். ஒன்றுக்கு ஒன்று. இனி மூன்றாவதுதான்.

அந்த நேரம் பார்த்து சசி அண்ணா வந்தார். கையில் பெரிய காட்போட் பெட்டி, கொண்டுபோவதற்கு. அதைப் படிக்கட்டில் வைத்துவிட்டு உள்ளே வந்தவர், அறை வாசலில் அப்படியே நின்றுவிட்டார். தொட்டி, மிளகு, அம்மா, அகப்பை என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அன்ரி... என்ன செய்யிறியள்?"

"பாத்தால் தெரியேல்லையே தம்பி? முழுக வாக்கிறன்."

அப்பா முழுகிய தலையோடு அண்ணாவின் கட்டிலில் இருந்து பேப்பர் பார்ப்பதுபோல எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இரும் தம்பி. மூண்டாவது ஓடுது. நிண்டால் உமக்கு, நிக்காட்டில் பிள்ளைக்கு. கதை ஒண்டுதான்."

"நிக்கும் அங்கிள்." சசி அண்ணா திரையை எட்டிப் பார்த்தார். "எண்பத்தாறு. இன்னும் பத்து நிமிசம் தாங்காது."

அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. மூன்றாவது ஆட்டம் நீண்டது. அம்மாவின் கை களைத்தது. எண்பத்தெட்டு. தொண்ணூறு. அம்மா இடக்கைக்கு மாற்றினா. தொண்ணூற்றொன்று. பஸ்மியா கேட்டாள், "கணவாய், இரிக்கிறியா?"

"இருக்கிறன். தொண்ணூத்திரண்டு."

"அல்லாஹ்வே! உம்மா, கிண்டுங்க!"

"அம்மா, கிண்டட்டாம்!"

"ஆர் சொல்றது?"

"கிண்ணியாவிலையிருந்து."

"எனக்குத் தோள் கழண்டு போகுது எண்டு கிண்ணியாவுக்குச் சொல்லு." அம்மா திரும்பி சசி அண்ணாவைப் பார்த்தா. "தம்பி, சும்மா நிண்டு எண்ணிக்கொண்டு நிக்காமல் கொஞ்சம் பிடியுமன். ரெண்டு நிமிசம், தோளை உதறிப்போட்டு வாறன்."

சசி அண்ணா அப்பாவைப் பார்த்தார். அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்தார். சசி அண்ணா என்னைப் பார்த்தார், எனக்குத் திரும்ப நேரம் இல்லை. தொண்ணூற்றுமூன்று.

அவர் சேட் கையை மடித்துவிட்டு அகப்பையை வாங்கினார். இரண்டு சுற்றுச் சுற்றினார். பிறகு உச்சுக்கொட்டினார்.

"உப்பிடி வட்டமாக் கிண்டினால் ஒண்டும் நடவாது அன்ரி. சூடு இருக்கிறது இந்த அட்டைக்குக் கீழை. கீழையிருந்து மேலை தள்ள வேணும். இஞ்சை பாருங்கோ."

அகப்பையைச் சரித்து, அட்டையின் அடியில் விட்டு, மெல்ல மேலே உயர்த்தினார். எண்ணெய் பின்னால் எழும்பி வந்தது. மறுபடி கீழே, மறுபடி மேலே. ஐந்தாறு தரத்தில் தொண்ணூறு. அவர் ஸ்ரூலில் இருந்துவிட்டார். எண்பத்தேழு. தலையைச் சரித்துத் தொட்டிக்குள் பார்த்துக்கொண்டே தள்ளினார். அம்மா தோளை உதறி முடித்து வந்து அகப்பைக்குக் கையை நீட்டியபோது, "நில்லுங்கோ அன்ரி, இப்பதான் பிடிபடுது," என்றார். எண்பத்துமூன்று. எழுபத்தொன்பது.

"எழுபத்தொன்பது!" என்று கத்தியது நான்தான். அவ்வளவு பெரிய சத்தம் என்னிடம் இருந்தது எனக்கே புதிது. அப்பா பேப்பரைக் கீழே போட்டார்.

அந்த ஆட்டத்தை நாங்கள் தோற்றோம். அதற்கும் சூட்டுக்கும் சம்பந்தமில்லை, எதிரணிக்காரிகள் கெட்டிக்காரிகள். கடைசியில் எங்களில் நான் ஒருத்திதான் மிஞ்சி, மூன்று பேரோடு நின்று பிடித்து, ஒருத்தியை விழுத்திவிட்டு விழுந்தேன்.

"பரவால்ல," என்றாள் பஸ்மியா. "இன்னும் ரெண்டு சனிக்கெழம இரிக்கி. கணவாய், நீ கதைக்கோணும். அடுத்த கெழமையும் ஒங்கட உம்மாவக் கூட்டி வா."

"கூட்டியாறன்," என்றேன்.

திரையில் புள்ளிகளின் கூட்டல் கழித்தல் எல்லாம் வந்து போனது. பெட்டி ஓடிக்கொண்டே இருந்தது. சசி அண்ணாவும் கிண்டிக்கொண்டே இருந்தார். எழுபத்திரண்டு.

அப்பா எழும்பி வந்து மணிக்கூட்டைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் நாப்பது நிமிசம். முடிஞ்சுது தம்பி. நிக்கேல்லை."

அப்போதுதான் சசி அண்ணாவின் கை நின்றது. தொட்டியைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், தன் கையில் இருந்த அகப்பையைப் பார்த்தார். முழங்கைவரை எண்ணெய் வழிந்தது. அம்மா சிரிப்பை அடக்கச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டா.

"தேத்தண்ணி போடட்டே தம்பி?" என்று கேட்டா.

அவர் அகப்பையைத் தொட்டியின் விளிம்பில் குறுக்கே வைத்தார். துடைக்கத் துணி தேடினார், அகப்படவில்லை. நல்லெண்ணெய்க் கையை எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல இரண்டு கையாலும் உச்சந்தலையில் வைத்து நன்றாகத் தேய்த்துக்கொண்டார். படிக்கட்டில் அவர் வைத்த காட்போட் பெட்டியின் ஒரு பக்கத்தை, எங்கள் நகரத்து வீதிகளில் மாடுகள்போலத் திரியும் மான்களில் ஒன்று மீன்கடைப் பக்கமிருந்து வந்து தின்று முடித்திருந்தது. பெட்டியை மானுக்கே விட்டுவிட்டு, கேற்றைத் திறந்துகொண்டு போனார்.